எதிர் வீட்டில் ஏன் அழுதார்கள்?

அவிநாசிக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டாத கதை இது. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கியது. மற்றவன் தப்பி வீடு வந்தான். சில ஆண்டுகள் கழித்து அந்தத் தெரு வழியே சுந்தரர் வந்தார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகைச் சத்தம். காரணத்தைக் கேட்டறிந்தவர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியும் பிள்ளையோடு சேர்ந்தே திரும்பியது என்கிறது பெரியபுராணம்.

இந்தக் கதையை எட்டு வரியில் எழுதி, மூன்றாம் வகுப்புக் குழந்தையின் கையில் கொடுத்து இரண்டு கேள்வி கேட்போம். சிறுவனை விழுங்கியது எது? எதிர் வீட்டில் ஏன் அழுதார்கள்? முதல் கேள்விக்கு விடை தாளிலேயே இருக்கிறது. தேடி எடுத்து எழுதினால் போதும். இரண்டாவது கேள்விக்கு விடை எந்த வரியிலும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது. பிழைத்தவனுக்கு இன்று விசேஷம். போனவன் இருந்திருந்தால் அவன் வீட்டிலும் இதே போல மேளம் கேட்டிருக்கும். இவற்றைக் குழந்தையே முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சுக்குத்தான் வாசிப்பு என்று பெயர். நம் பள்ளிகளோ தலைமுறை தலைமுறையாக முதல் கேள்வியைக் கேட்டே மதிப்பெண் போட்டுவந்திருக்கின்றன.

முதல் கேள்வி எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை ஒரு வரியில் காட்டலாம். "பொம்பிலிகள் துகரை மினையில் கிளுத்தன." பொம்பிலிகள் எங்கே கிளுத்தன? மினையில். விடை சரி; முழு மதிப்பெண். அந்த வரியில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது; எல்லாம் இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியவை. 'எங்கே' என்று கேட்டால் 'இல்' என்று முடியும் சொல்லைத் தேடு, 'எதை' என்று கேட்டால் 'ஐ' என்று முடிவதைத் தேடு என்று தமிழின் வேற்றுமை உருபுகளே வழிகாட்டிவிடுகின்றன. இந்தத் தடம் தெரிந்த பிள்ளை பொருள் தெரியாமலே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடும்.

வாசிப்பவரைத் தரம்பிரிப்பது நமக்குப் புதிய வேலையும் அல்ல. நன்னூல் எழுதிய பவணந்தியைப் பெருந்துறை அருகே உள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்குநாடு உரிமை கொண்டாடுகிறது. அந்த நூலின் பாயிரம் மாணாக்கரை மூன்று படிகளில் வைக்கிறது. முதல் படியில் அன்னமும் பசுவும். நடுப்படியில் மண்ணும் கிளியும். கடைசிப் படியில் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. சொன்னதைச் சொன்னபடி ஒப்பிக்கிற கிளிக்கு நடுவிடம்தான். மேய்ந்ததை ஓரிடத்தில் அமர்ந்து மீண்டும் கொண்டுவந்து அசைபோடுகிற பசுவுக்கே முதலிடம். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரை என்று கணக்கும் போட்டிருக்கிறார் பவணந்தி. புரிந்ததா என்று பார்க்க எடுத்துச் சொல்லச் சொல் என்பது எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ் மதிப்பீட்டு முறை.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து 763 பள்ளிகள் என்று கணக்குப் போனது. மாகாணம் முழுவதும் 12,498. பின்னாளில் ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து அச்சிட்டார். அந்தப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுத்து. பிறகு ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி. சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர் பின்சொல்வது. பொருள் பிறகு வரும், முதலில் வாயில் ஏறட்டும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. பசு அவசரமாய் மேய்ந்து நிதானமாய் அசைபோடுவது போல என்று அதற்கு நியாயமும் சொல்லலாம். ஆனால் அசைபோடும் காலம் வரை படிப்பில் நின்றவர்கள் சிலர். இரண்டு மூன்று ஆண்டில் காட்டு வேலைக்குத் திரும்பிய பிள்ளைக்கு மேய்ச்சலோடு முடிந்தது. பள்ளிக்குள்ளேயே விடப்படாதவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்தச் சட்டாம்பிள்ளை முறை கடலும் தாண்டியது. சென்னை எழும்பூரில் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் நூலாக எழுதினார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. கைமாறாக நமக்கு வந்தது வேறு ஒன்று. 1862இல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கொரு முறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். தேறாத பாடம் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை பெயரில் பள்ளிக்கு வரும் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும்.

அதன் பிறகு நடந்ததைக் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு தன் அறிக்கைகளில் எழுதிவைத்தார். அவரே முப்பத்தைந்து ஆண்டு பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆண்டு முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் அதைத் தவறின்றி வாசித்தார்கள். அவர்கள் படித்தது புத்தகத்தையா, மனப்பாடத்தையா என்று பிரித்தறிய முடியவில்லை. அதே மானியமுறை 1860களின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்திலும் வந்து, திண்ணைப் பள்ளிகள் வரை இறங்கியது. வாத்தியாரின் அரிசியும் பருப்பும் பிள்ளை தடுமாறாமல் வாசிப்பதில் தொங்கியபோது, எந்த வாத்தியார் 'இதற்கு என்ன அர்த்தம், நீயே சொல்' என்று நின்று கேட்டிருப்பார்? இங்கிலாந்து 1890களில் இதைக் கைவிட்டது. இந்திய அரசின் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானமும் இதைக் குறை சொல்லி ஒதுக்கியது. மானியம் போனது, பழக்கம் தங்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். 1915 வாக்கில் கான்சாசில் பிரெடரிக் கெல்லி மௌன வாசிப்புக்கு ஒரு தேர்வு உருவாக்கினார். திருத்துபவரின் விருப்பு வெறுப்பு நுழையாமல் இருக்க, ஒரே ஒரு விடைதான் சரி என்று கேள்விகளை அமைத்தார். இன்று நம்மூர்க் குழந்தைகள் அ, ஆ, இ, ஈ என்று வட்டமிடுகிற 'சரியான விடையைத் தேர்ந்தெடு' முறையின் மூலங்களில் அது ஒன்று. 1917இல் எட்வர்டு தார்ன்டைக் தவறான விடைகளை உட்கார்ந்து படித்தார். ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவது போன்ற வேலை என்று கண்டார். கண்ணில் பட்ட ஒரு சொல் மற்றச் சொற்களை அமுக்கிவிடும்போது பிள்ளை வழுக்குகிறது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று நிறுக்கத் தெரிந்த பிள்ளை தேறுகிறது. தவறான விடை என்பது குழந்தை படித்துவந்த வழியின் காலடித் தடம். உலகம் கெல்லியின் எளிமையை எடுத்துக்கொண்டது. தார்ன்டைக்கின் பொறுமையை விட்டுவிட்டது. நாமும் அப்படியே.

விடுதலைக்குப் பின் தமிழ்நாடு செய்த பெரிய காரியம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. காமராஜர் முதல்வர், பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர். 1956இல் மதிய உணவு. அந்தச் சாதனையின் நிழலில் இன்றுவரை நிற்கிறோம். ஆனால் பிள்ளைகள் நிரம்பிய வகுப்பில் கேள்வியும் பதிலும் கரும்பலகையில் எழுதப்பட்டு, நோட்டில் இறங்கி, தேர்வுத்தாளில் ஏறின. அதன் விளைவை 2010இல் பிசா என்ற உலகத் தேர்வு காட்டியது. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. பத்தாம் வகுப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தேர்ச்சி காட்டிய அந்தக் காலத்தில், வாசிப்பின் அடிப்படை மட்டத்தைத் தொட்ட பதினைந்து வயது மாணவர் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் 17 பேர். வளர்ந்த நாடுகளின் சராசரி 81. இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. பதினைந்து வயதில் வெளிப்பட்ட அந்தக் குறை எட்டு வயதில் வேர்விட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டையும் ஏணிப்படியும் கொண்டு ஒவ்வொரு குழந்தையையும் அதனதன் வேகத்தில் நடக்க விட்டது. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீடு, அன்றாட வகுப்பைப் பார்க்கும் வளரறிக்கு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தது. ஆசிரியரின் அன்றாடக் கவனிப்புக்கு முதன்முறையாக எண் மதிப்புக் கிடைத்தது. பல இடங்களில் அது ஜெராக்ஸ் கடைப் படங்களும் நிரப்பவேண்டிய பதிவேடுகளுமாகத் தேய்ந்தது. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது; பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தனர்; 2020 பிப்ரவரி 4 அன்று அது ரத்தானது. அந்த வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள் பெருந்தொற்று பள்ளிகளை மூடியது.

அவிநாசிக் கதையின் முதலை அப்போது வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியது. உடம்புக்கு வயது கூடியிருந்தது, வாசிப்புக்குக் கூடவில்லை. ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர், 2022இல் ஐந்து பேர் என்றது ஏசர் என்ற கல்வி ஆய்வு. அதுவும் வாய்விட்டு வாசிப்பதை அளந்த கணக்கு. புரிந்ததை அளந்தது அல்ல.

அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்த இழப்பைத் தேடிப் புறப்பட்டவை. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைபார்த்துப் பிரிப்பது நல்ல தொடக்கம். பெயரிலேயே வளர்ச்சி இருக்கிறது, தோல்வி இல்லை. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதே தனி வேலையாகிறது என்று ஆசிரியர்கள் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. பதிவேற்றும் நேரம், குழந்தை அருகில் உட்காரும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

சொல்வேகத்தை அளக்கும்போதும் கவனம் வேண்டும். 2022 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தனித்தனியே உட்காரவைத்து அவரவர் மொழியில் சோதித்த ஆய்வு, ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவுகோல் வகுத்தது. அது சரியான வழி. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பிறமொழிக் கோலை இங்கே வைத்தால், வாய் வேகமான பிள்ளை ஜெயிக்கும். சொல்லைப் பிரித்து யோசிக்கிற பிள்ளை தோற்கும்.

இனி அவிநாசி வட்டாரத்து வகுப்பறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளை, தறி ஓட்டுகிறவரின் பிள்ளை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில். எதிர் வீட்டில் ஏன் அழுதார்கள் என்ற கேள்விக்கு ஒரு குழந்தை இப்படி எழுதுகிறது என்று வைப்போம்: "அவிங்க பையன் இருந்திருந்தா இன்னைக்கு அவனுக்கும் விசேசம் வெச்சுருப்பாங்கன்னு வெசனப்பட்டு அளுதாங்க." சிவப்பு மை பிடித்த கைக்கு இதில் பல பிழை தெரியும். வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு முழுமையான புரிதல் தெரியும். பக்கத்துப் பிள்ளை, 'ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகைச் சத்தம்' என்று கதையின் வரியையே அழகான கையெழுத்தில் பிழையின்றி எடுத்து எழுதியிருக்கிறது. இவர்களில் யாருக்கு மதிப்பெண்? நம் வழக்கம் இரண்டாமவருக்குப் போடும். கிளிக்கு முதலிடம் கொடுக்கும். வெளிமாநிலப் பிள்ளையோ கடகடவென்று வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கும். அல்லது பொருள் தெரிந்தும் சொல்லத் தமிழ் இல்லாமல் நிற்கும். இவை இரண்டும் வேறுவேறு நிலைகள். ஒரே பூஜ்யம் இரண்டையும் மறைத்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சிறு பத்தி. தாளில் விடை உள்ள கேள்வி ஒன்று, முடிச்சுப் போடவேண்டிய கேள்வி ஒன்று, 'நீயாக இருந்தால்' என்ற கேள்வி ஒன்று. புரிதலுக்குத் தனி மதிப்பெண், எழுத்துப் பிழைக்குத் தனி. ஒன்று மற்றொன்றைத் தின்னக் கூடாது. கொங்குத் தமிழில் வந்த விடையை அப்படியே ஏற்றுக்கொண்டு, எழுத்துத் தமிழை அதன் மேல் சொல்லித் தருவது. எழுத முடியாத பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கதை சொல்ல வைத்து, பவணந்தி சொன்ன அந்த அரைப் பங்கைக் கேட்பது. நாளுக்கு ஒரு குழந்தை, ஐந்து நிமிடம். ஈராசிரியர் பள்ளியிலும் இயலக்கூடியது, பதிவேடுகளின் சுமையைக் குறைத்தால். தவறான விடைகளை அடித்துத் தள்ளாமல் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் மறுநாள் பாடக்குறிப்பு தானே எழுதிக்கொள்ளும். இந்த மதிப்பெண்ணோடு ஆசிரியரின் சம்பளத்தையோ தண்டனையையோ பள்ளியின் பெயரையோ ஒருபோதும் கட்டக் கூடாது. அப்படிக் கட்டியதால் என்ன ஆனது என்பதற்கு லோ காட்டிய வழியே போதும்.

சுந்தரரின் பதிகத்தால் பிள்ளை வந்தான் என்றே கதையை நினைவில் வைத்திருக்கிறோம். பதிகம் பிறகு வந்தது. அதற்கு முன்னால் அவர் போகிற வழியில் நின்றார். இரண்டு வீடுகளையும் பார்த்தார். எதிர் வீட்டில் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நடந்திருந்தால் பிள்ளை இன்னும் குளத்துக்குள்தான் இருந்திருப்பான்.