பூவோடு சேர்ந்த நாரும், கண்ணாடியோடு சேர்ந்த நாரும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திராட்சையும் முல்லைப் பெரியாறும்தான். ஆனால் மெக்கானிக்கல் படிப்பவர்கள் கண்ணுக்கு அங்கே இரண்டு நார்கள் தெரிய வேண்டும். மேலே, கம்பம் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலை இறக்கைகளில் கண்ணாடி நார். கீழே, சின்னமனூர், கம்பம் தோட்டங்களில் தார் வெட்டியபின் சாய்க்கப்படும் வாழை மரங்களில் வாழைநார். முதலாவது காசு கொடுத்து வாங்கியது. இரண்டாவது இருக்கும் மரத்தை அப்புறப்படுத்தவே விவசாயி கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது!

இந்த இரண்டு நாரையும் அடுக்கடுக்காக வைத்து எபாக்ஸி ரெசினில் இறுக்கினால் கிடைப்பதுதான் ஹைபிரிட் காம்போசிட். கண்ணாடி நாரின் அடர்த்தி சுமார் 2.5, வாழைநாருக்கு சுமார் 1.35. ஆக, எடை குறையும், விலை குறையும். இறுதியாண்டு புராஜெக்டுகளில் இது பிரபலமான தலைப்பு. ஆனால் பல புராஜெக்டுகள் இழுவிசை, வளைவு, மோதல் என்று மூன்று சோதனைகளோடு முடிந்துவிடுகின்றன. முக்கியமான நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தால் இந்தப் பொருள் எவ்வளவு தாங்கும்? இதைத்தான் ஃபிராக்சர் டஃப்னெஸ், அதாவது விரிசல் தாங்கும் திறன் என்கிறோம்.

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முழுத்துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் கிழியாது. கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டு இழுத்தால் சர்ரென்று கிழிந்துவிடும். துணியின் பலம் குறையவில்லை. வெட்டின் முனையில் விசை குவிந்துவிட்டது, அவ்வளவுதான். 1921-ல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்து இதைத்தான் விளக்கினார். விரிசலின் நீளம் நான்கு மடங்கானால், பொருள் தாங்கும் தகைவு பாதியாகிவிடும்.

நார் இருந்தால் விரிசல் அவ்வளவு சுலபமாக ஓடாது. நாரை எட்டியதும் திசை மாறும், நார் ரெசினிலிருந்து கழன்று உருவிக்கொண்டு வரும். அந்த உருவலில்தான் நிறைய ஆற்றல் செலவாகிறது. இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. ரெசினோடு நன்றாக ஒட்டுவதற்காக வாழைநாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்கள். ஒட்டினால் இழுவிசை எண் உயரும். ஆனால் அளவுக்கு மீறி ஒட்டிவிட்டால் நார் உருவாமல் பட்டென்று அறுந்துவிடும். விரிசல் தடையின்றி ஓடும். அதாவது ஒரு எண் ஏறும்போதே இன்னொரு எண் இறங்கக்கூடும். இழுவிசையை மட்டும் அளந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

ஹைபிரிட்டில் இன்னொரு பலவீனமும் உண்டு. வாழைநார் ஈரத்தை உறிஞ்சி உப்பும், கண்ணாடி நார் உப்பாது. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் அடிக்கும் ஊரில் இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில்தான் பிளவு தொடங்கும். அதை அளக்க வழி இல்லாமல் இல்லை. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய படலத்தை வைத்துப் பட்டை செய்து, முனையை இரண்டு பக்கமும் பிரித்து இழுத்துப் பார்க்கும் சோதனைமுறை இருக்கிறது. வழக்கமான இழுவிசை இயந்திரமே போதும். உலர்ந்த பட்டை ஒன்று, தண்ணீரில் ஊறிய பட்டை ஒன்று என்று இரண்டையும் சோதித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். வாழையின் உறவான ஃபிலிப்பைன்ஸ் நாட்டு அபாகா நாரை, 2000-களின் நடுவிலேயே மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரில், ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடிமூடியில் பயன்படுத்தினார்கள். ரோட்டுக் கல்லும் தண்ணீரும் அடிக்கும் இடம் அது! நம் ஊரில் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருக்கிறது. நார் பிரிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. குறைவது நம்பகமான எண்கள்தான்.

வாழைநாரில் காற்றாலை இறக்கையே செய்துவிடலாம் என்று சொல்வது பேராசை. இருபது வருடம் ஓயாமல் வளைந்து நிமிரும் உறுப்பு அது. கதவுப் பலகை, தடுப்புச் சுவர், இயந்திர மூடி என்று தொடங்குவதுதான் முறை. அதற்குக்கூட, விரிசல் விட்டபின் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாமல் விற்கக் கூடாது. ஒரு கதவு ஒரே மழைக்காலத்தில் பிளந்துவிட்டால், ஊர் குறை சொல்லப்போவது சோதிக்காதவர்களை அல்ல, வாழைநாரைத்தான். பிறகு அதை எந்த விவசாயியிடமும் யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது சரிதான். கண்ணாடியோடு சேர்ந்த நாரும் தாங்கும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.