‘விடுவிக்கலாம்’ என்றொரு சொல்!

தோழர்களே!

தண்டனை பெற்ற குற்றவாளிக்கும் சிறைவாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. மனநோயாளி என்பதால் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவருக்கு மட்டும் எல்லையற்ற காவல்! நீதி என்றா இதற்குப் பெயர்?

1800ஆம் ஆண்டு, இலண்டன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்டார் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு. சித்தம் கலங்கியவர், ஆகவே குற்றமற்றவர் என்றது தீர்ப்பு. ஆளவந்தார்கள் விட்டனரா? அவசரச் சட்டம் செய்து, மன்னரின் திருவுளப்படி காவல் என்றனர். 1841இல் சாவுதான் அவரை விடுவித்தது.

மன்னராட்சி போயிற்று; திருவுளம் போகவில்லை! இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் புரட்டிப் பாருங்கள். காவலிலுள்ள மனநோயாளியால் எவருக்கும் தீங்கு நேராது என்று உரிய அலுவலர் சான்றளித்த பின்னும், மாநில அரசு அவரை ‘விடுவிக்கலாம்’. காவலிலேயே வைத்திருக்கவும் செய்யலாம்! இத்தனை மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி அவர் நிலையை ஆராய்ந்தே தீரவேண்டும் என்ற கட்டளை அங்கில்லை.

நாள் குறித்துக் கேட்பார் இல்லையெனில் என்ன நேரும்? அசாமைக் கேளுங்கள்! 1951இல் கைதான பழங்குடி இளைஞர் ஒருவர், தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் குணமடைந்தார் என்றனர் மருத்துவர்கள். வீட்டுக்கா அனுப்பினர்? சிறைக்கு அனுப்பினர்! விசாரணையும் இல்லை, விடுதலையும் இல்லை. 2005இல் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளிவந்தார். 54 ஆண்டு வாழ்வுக்கு ஒரு ரூபாய்!

‘பித்தர்களைத் தெருவில் உலவவிடச் சொல்கிறீரா?’ என்று மருட்டுவோர் உண்டு. இல்லை ஐயா! ஆபத்தானவர் எனில், அதை நீதிமன்றத்தில் மெய்ப்பியுங்கள். குறித்த நாளில் மீண்டும் மெய்ப்பியுங்கள் என்கிறோம். கனடாவின் உச்ச நீதிமன்றம், இத்தகையோரைத் துணைநிலை ஆளுநரின் விருப்பப்படி அடைத்துவைத்த விதியை 1991இல் செல்லாததாக்கியது. 1992இல் வந்த சட்டம், ஆண்டுக்கொருமுறை மறுஆய்வு என்பதைப் பொது விதியாக்கியது. அங்கே இயல்வது இங்கே இயலாதா?

தோழர்களே! ஆட்சி எவர் கையிலிருப்பினும் சரி, நம் கையிலேயே இருப்பினும் சரி, பூட்டுவோரிடமே சாவியை ஒப்படைத்துவிட்டு உறங்குவது மக்களாட்சி ஆகாது. ஆறு திங்களுக்கொருமுறை நீதிமன்ற ஆய்வு! வாதாட வழியற்றோர்க்கு அரசுச் செலவில் வழக்கறிஞர்! அடைத்துவைக்கக் காரணம் மெய்ப்பிக்கப்படாவிடில் உடனே விடுதலை! ஊர்தோறும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். ‘விடுவிக்கலாம்’ என்ற சொல், ‘விடுவித்தாக வேண்டும்’ என்று மாறும்வரை ஓயாதீர்!