இறந்தவர் கண்ணில் உயிருள்ள செல்கள்!
நீரிழிவால் வரும் குருட்டை வெல்ல ஆராய்ச்சி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் ஏராளமான பெண்கள் தையல் வேலை செய்கிறார்கள். ஊசி போகும் வழியைக் கண் விடாமல் பார்க்க வேண்டும். பார்வை மங்கினால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு எரியாது.

அந்தக் கண்ணை ஓசைப்படாமல் கெடுக்கும் எதிரி ஒன்று உண்டு. அதுதான் நீரிழிவு என்னும் சர்க்கரை நோய்!

கண்ணின் பின்புறம் விழித்திரை என்ற மெல்லிய ஜவ்வு இருக்கிறது. பார்க்கும் காட்சி அதில்தான் விழுகிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தால் அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுக் கசிகின்றன. தொடக்கத்தில் வலி இராது. பார்வையும் குறையாது. ஆகவே பலர் காலம் கடந்தே மருத்துவரிடம் போகிறார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

விழித்திரையில் பார்க்கும் வேலையைச் செய்யும் செல்கள் உண்டு. அவற்றைத் தாங்கும் துணைச் செல்களும் உண்டு. இவற்றை 1851-இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹைன்ரிக் முல்லர் விவரித்தார். அதனால் 'முல்லர் செல்கள்' என்று பெயர். இவை பந்தற்கால் போல விழித்திரையைத் தாங்கும், நரம்புச் செல்களுக்கு உணவு கொடுக்கும், கழிவை அகற்றும்.

சர்க்கரை நோய் தாக்கினால் காவல் காக்கும் இந்தச் செல்களே ரத்தக் குழாய்களைக் கசியவைக்கும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. அந்தப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் இன்று மருத்துவமனைகளில் போடப்படுகின்றன.

குப்பியில் வளரும் கண் செல்

உயிரோடிருப்பவரின் விழித்திரையை வெட்டிச் சோதிக்க முடியுமா? முடியாது. இங்கேதான் கண்தானம் உதவுகிறது. தானமாக வந்த கண்ணின் கருவிழியைப் பார்வையற்றவருக்குப் பொருத்துகிறார்கள். எஞ்சிய விழித்திரையிலிருந்து செல்களைப் பிரித்துச் சத்து நீரில் இட்டு, 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் வளர்க்கிறார்கள்.

தோல் ஷாப்பில் பதமான தோல் அழுகாது. ஆனால் அதில் உயிரில்லை. ஆய்வகத்திலோ செல்லின் உயிரே காக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. குப்பியில் சர்க்கரையைக் கூட்டினால் செல் என்ன ஆகிறது, எந்த மருந்து அதைக் காக்கிறது என்று பார்க்கிறார்கள்.

2002-இல் லண்டனில் ஆஸ்ட்ரிட் லிம்ப் குழுவினர், இறந்தவர் கண்ணிலிருந்து பெற்ற முல்லர் செல்கள் தொடர்ந்து பெருகுவதை அறிவித்தார்கள். சென்னையில் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்களும் தானக் கண்களின் விழித்திரைச் செல்களை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

அவசர நம்பிக்கை வேண்டாம்

வரிக்குதிரை மீனின் விழித்திரை சிதைந்தால், அதன் முல்லர் செல்கள் புதிய நரம்புச் செல்களை உண்டாக்கிவிடும். மனிதக் கண்ணில் அது நடப்பதில்லை. நடக்கவைக்க முடியுமா என்பதே இன்றைய பெரிய கேள்வி. ஆய்வு இன்னும் குப்பியைத் தாண்டிச் சிகிச்சையாகவில்லை. 'செல் ஊசி போட்டால் போன பார்வை திரும்பும்' என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறக் கூடாது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை இரண்டு. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் திறந்த ஷெல் மருத்துவமனை பிற்காலத்தில் கண் மருத்துவமனையானது. எனவே கண் சிகிச்சை இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல.

மற்றொன்று கண்தானம். வீட்டில் ஒருவர் இறந்தால் 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். வயதானவரும், கண்ணாடி அணிந்தவரும், சர்க்கரை நோயாளியும்கூடத் தரலாம். மண்ணுக்குப் போகும் கண், ஒருவருக்கு ஒளியாகும். நாளை பலருக்கு மருந்தாகவும் கூடும்!