ஆலம்பரைக் கோட்டை: நவாப் காலத்துத் துறைமுகத்தை யார் காப்பது?

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போது நான்கு வழிச்சாலையாக மாறிக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் இந்த வழியாகச் செல்கின்றன. அவற்றில் கடப்பாக்கத்தில் திரும்பி, கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கச் செல்வோர் மிகக் குறைவு. செல்வோரிலும் பெரும்பாலானோர் செங்கல் சுவர்களின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது யாருடைய கோட்டை, ஏன் இடிந்தது என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே திரும்புகிறார்கள்.

முகலாயர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டை இது. ஆற்காடு நவாப்களின் ஆட்சியில் இது முக்கியமான துறைமுகமாக இருந்தது. கடலுக்குள் நீண்டிருந்த சுமார் 100 மீட்டர் படகுத்துறையிலிருந்து ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியாயின. பக்கத்தில் உள்ள மரக்காணம் இன்றும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர்.

கை மாறிய கதை

கோட்டையின் வீழ்ச்சி 1760இல் நடந்தது. ஆனால் அதற்கான காரணங்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. 1740இல் மராத்தியப் படையுடன் நடந்த போரில் ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகான் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஆற்காட்டுப் பதவிக்கு உரிமை கோரியவர்கள் ஒன்றுபடவில்லை. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் ஒரு பக்கம், அன்வருத்தீனும் அவர் மகன் முஹம்மது அலியும் மறுபக்கம் என்று அணி பிரிந்தார்கள். ஐதராபாத் நிஜாம் பதவிக்கும் இதே போன்ற போட்டி எழுந்தது. நாசிர் ஜங்கும் அவருடைய சகோதரி மகன் முஸாபர் ஜங்கும் எதிரெதிரே நின்றார்கள்.

இந்தக் குடும்பச் சண்டைகளில் ஐரோப்பியர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, சந்தா சாகிபையும் முஸாபர் ஜங்கையும் ஆதரித்தார். ஆங்கிலேயர்கள் முஹம்மது அலியின் பக்கம் நின்றார்கள். டூப்ளே செய்த உதவிக்குக் கைமாறாக முஸாபர் ஜங் 1750இல் ஆலம்பரைக் கோட்டையை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவரும் அந்தப் பதவியில் நிலைக்கவில்லை. 1751இன் தொடக்கத்திலேயே, முன்பு தம்முடன் நின்ற பட்டாணிய நவாப்களுடனான மோதலில் கொல்லப்பட்டார். சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டார்.

1760இல் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை ஆலம்பரையைக் கைப்பற்றியது. கோட்டை இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. வெற்றி பெற்ற அணியில் இருந்த முஹம்மது அலிக்காவது நன்மை விளைந்ததா? போர்ச் செலவுக்கென்று வாங்கிய கடனில் அவர் வாழ்நாள் முழுதும் மூழ்கியிருந்தார். 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சியை ஆங்கிலக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

வரலாற்றை மதச் சண்டையாக மட்டுமே சொல்லப் பழகிவிட்ட இந்தக் காலத்தில், ஆலம்பரை சொல்வது வேறு செய்தி. இங்கே முஸ்லிம் ஆட்சியாளர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களுடனேயே மோதினார்கள். இரு தரப்பும் வெளியாரைத் துணைக்கு அழைத்தன. கடைசியில் நிலம் வெளியாருக்கே போனது. இது பெருமை பேசும் கதையும் அல்ல, பழி சுமத்தும் கதையும் அல்ல. நம் பிள்ளைகள் அப்படியே தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மூன்று கோட்டைகள்

இதே கடற்கரையில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைச் சீரமைக்க டென்மார்க்கிலிருந்தும் ஒத்துழைப்பு வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் உள்ள டச்சுக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஆலம்பரைக்காகக் கடல் கடந்து யாரும் வரப்போவதில்லை. இது இந்த மண்ணின் ஆட்சியாளர்கள் நடத்திய துறைமுகம். நாம் கேட்காவிட்டால் இதற்காகக் கேட்க வேறு நாடு இல்லை.

2004 சுனாமியிலும் கோட்டை சேதமடைந்தது. உப்புக் காற்றும் அலையும் மீதிச் சுவர்களைத் தொடர்ந்து தின்றுகொண்டிருக்கின்றன. சாலை விரிவடைந்தால் கூட்டம் கூடும். பாதுகாப்பு இல்லாத இடத்தில் கூட்டம் கூடினால், சுவரில் பெயர் கீறுவதும் குப்பை சேர்வதும் கூடவே வரும்.

தொல்லியல் சின்னங்களைக் காக்க மாநிலத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் பாரம்பரியச் சின்னங்கள் உள்ள இடங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகின்றன. ஆகவே நாம் கேட்க வேண்டியது புதிய சட்டத்தை அல்ல. எஞ்சிய சுவர்களை நிபுணர்களைக் கொண்டு சுண்ணாம்புக் காரையால் உறுதிப்படுத்த வேண்டும். கோட்டையின் வரலாற்றைத் தெளிவான தமிழில் சொல்லும் பலகை வேண்டும். காவலுக்கும் வழிகாட்டுவதற்கும் கடப்பாக்கம் மீனவக் குடும்பங்களின் இளைஞர்களுக்கே வேலை தரலாம். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளை ஆலம்பரைக்கு ஒதுக்கலாம்.

அடுத்த முறை குடும்பத்துடன் புதுச்சேரிக்குச் செல்லும்போது கடப்பாக்கத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். இடிந்த சுவரைக் காட்டி, அது எப்படிக் கை மாறியது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மக்கள் மறந்துவிட்ட சின்னத்துக்கு அரசும் நிதி ஒதுக்காது.