நாளைய வீரரைக் கொடுத்து இன்றைய மட்டையாளரை வாங்கலாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முடியும் தறுவாயில் அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களிடையே ஒரே வழக்கு புதிய பெயர்களோடு விசாரணைக்கு வருகிறது. அணியின் பந்தெறிவாளர்கள் வலுவாக இருக்கிறார்கள். ஓட்டம் எடுக்கத்தான் ஆளில்லை. கீழ்நிலை லீக்குகளில் வளர்ந்துவரும் இளைஞர் இருவரையோ மூவரையோ கொடுத்துவிட்டுத் தேர்ந்த மட்டையாளர் ஒருவரை வாங்கலாமா? வாங்கலாம் என்போரின் கண் இந்த ஆண்டுக் கோப்பையின் மீது இருக்கிறது. கூடாது என்போரின் கண் ஐந்தாண்டுகளுக்குப் பின் அமையப்போகும் அணியின் மீது இருக்கிறது. இரு தரப்பாரும் பழைய பரிமாற்றங்களைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அச்சாட்சிகளை முழுமையாகக் கேட்டவர் மிகச் சிலரே.

கூடாது என்போர் முதலில் அழைப்பது 1987ஆம் ஆண்டை. அவ்வாண்டு ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, 20 வயதுப் பந்தெறிவாளர் ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, அனுபவம் மிக்க டாயில் அலெக்சாண்டரைப் பெற்றது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் ஈட்டி, 2015இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஆகவே அப்பரிமாற்றம் மூடத்தனத்திற்கு உவமையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அலெக்சாண்டர் டெட்ராய்ட்டுக்காக எஞ்சிய பருவத்தில் 9 ஆட்டங்களை வென்று ஒன்றில்கூடத் தோற்கவில்லை. டொரோண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பின்தள்ளி டெட்ராய்ட் தன் பிரிவை வென்றது. அவர் இல்லாதிருந்தால் அந்தப் பட்டம் கைநழுவியிருக்கும் என்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஸ்மோல்ட்ஸின் வருங்காலம் அன்று எவருக்கும் தெரியாது. பிரிவுப் பட்டம் எட்டும் தொலைவில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். முடிவை அறிந்தபின் தொடக்கத்தைப் பழிப்பது எளிது.

அதே டெட்ராய்ட் அணி 2007 டிசம்பரில் இளம் வீரர்கள் கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் ஆகியோரையும் மேலும் நால்வரையும் ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த இருவருள் ஒருவர் 24 வயது மிகெல் கப்ரேரா. 2012இல் அமெரிக்கன் லீக்கின் அடிச்சராசரி, ஹோம் ரன், ஈட்டித்தந்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் அவரே முதலிடம் பெற்றார். 1967க்குப் பின் எவரும் அச்சாதனையைச் செய்திருக்கவில்லை. ஸ்மோல்ட்ஸின் கதையைச் சொல்லும் ரசிகர் கப்ரேராவின் கதையைச் சொல்வதில்லை. கப்ரேராவைச் சொல்பவர் ஸ்மோல்ட்ஸை மறந்துவிடுகிறார். எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் வாதம் எந்தத் துறையிலும் ஆய்வாகாது.

விவாதத்தின் மையத்திலுள்ள கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது நியூயார்க் மெட்ஸ் அணியின் 2015ஆம் ஆண்டுப் பருவம். மேட் ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சிண்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ் என இளம் எறிவாளர்கள் நால்வர் அங்கே ஒரே காலத்தில் எழுந்தனர். மட்டையின் நிலையோ பரிதாபம். ஜூலை 23 அன்று கிளேட்டன் கெர்ஷாவை எதிர்கொண்டபோது, அணியின் வலிமை மிக்க அடியாளருக்கு உரிய நான்காம் இடத்திலும் அதற்கடுத்த ஐந்தாம் இடத்திலும் நின்றவர்களின் அடிச்சராசரி .180ஐக்கூட எட்டவில்லை. பருவ முடிவில் ஒப்பந்தம் தீரவிருந்த யோனிஸ் செஸ்பெடெஸை ஜூலை 31 அன்று மெட்ஸ் வாங்கியது. அதற்கு ஈடாகக் கொடுத்தது மைக்கேல் ஃபுல்மர், லூயிஸ் செஸா என்னும் இளம் எறிவாளர் இருவரை. செஸ்பெடெஸ் 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் அடித்தார்; மெட்ஸ் உலகத் தொடர் வரை சென்று கான்சஸ் சிட்டியிடம் தோற்றது. ஃபுல்மர் அடுத்த ஆண்டே அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரராகத் தேர்வானார். 2019இல் முழங்கை அறுவை சிகிச்சையால் ஒரு பருவம் முழுவதையும் இழந்தார்.

‘எறிவாளர் பலம்’ என்று ரசிகர்கள் பேசுவதன் உண்மை இயல்பை இங்கே காணலாம். அது களஞ்சியத்தில் சேர்த்துவைக்கக்கூடிய தானியம் போன்றதன்று. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்னும் எறிவாளருக்கு முதன்முதலாக முழங்கைத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை செய்தார். இன்று அவ்வீரரின் பெயராலேயே வழங்கும் அச்சிகிச்சை எறிவாளர்களின் வாழ்க்கை வரலாற்றில் வழக்கமான ஓர் அத்தியாயம். மேற்சொன்ன நால்வரோடு ஜாக் வீலரையும் சேர்த்தால் ஐவர். ஐவருமே ஏதேனும் ஒரு கட்டத்தில் அதற்கு உட்பட்டவர்கள். அவர்கள் ஐவரும் ஒரே சுற்றில் அடுத்தடுத்துப் பந்தெறிந்தது 2018 ஏப்ரலில்தான். அடுத்த மாதமே ஹார்வி அணியைவிட்டு நீங்கினார். பத்தாண்டு ஆதிக்கம் என்று ரசிகர்கள் கனவு கண்ட கூட்டணி, நினைத்த வடிவில் சில நாள்களே நின்றது. இதிலிருந்து பெறத்தக்க முடிவு தெளிவானது. எறிவாளர்கள் நலமாக இருக்கும் பருவமே மட்டையாளரை வாங்குவதற்கான பருவம். அதிலும் இளம் எறிவாளரைக் கொடுத்து மட்டையாளரைப் பெறுவது, உடையக்கூடிய நம்பிக்கையைக் கொடுத்து ஓரளவு உறுதியான ஒன்றைப் பெறுவதாகும்.

இம்முடிவுக்கும் எல்லை உண்டு. 2022 ஆகஸ்டில் சான் டியேகோ பாட்ரெஸ் அணி 23 வயது ஹுவான் சோட்டோவை வாங்க ஜேம்ஸ் வுட், சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர் உள்ளிட்ட இளைஞர் ஐவரையும் அனுபவ வீரர் ஒருவரையும் வாஷிங்டனுக்கு வாரிக்கொடுத்தது. 2023இல் அந்த அணியின் பிளேக் ஸ்னெல் நேஷனல் லீக்கின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். கொடுத்த ஓட்டங்களைவிட எடுத்த ஓட்டங்கள் 104 மிகுதி. ஆயினும் ஓர் ஓட்டத்தில் முடிவான 32 ஆட்டங்களில் 9இல் மட்டுமே வென்று, 82 வெற்றி, 80 தோல்வியோடு அந்த அணி வீடு திரும்பியது. எறிவும் மட்டையும் ஒருங்கே வாய்த்தும் தற்செயலை வெல்ல முடியவில்லை. மறுபுறம், வாஷிங்டன் பெற்ற இளைஞருள் மேற்சொன்ன மூவரும் 2025க்குள் ஆல்-ஸ்டார் ஆட்டத்திற்குத் தேர்வாகினர். ஆனால் 2023 முதல் 2025 வரை அந்த அணி எந்த ஆண்டிலும் பாதி ஆட்டங்களைக்கூட வெல்லவில்லை. சரியான பரிமாற்றம் கோப்பைக்கு உறுதி தருவதில்லை, பொறுமையும் தருவதில்லை.

ரசிகர் விவாதங்களில் பெரும்பாலும் எழாத கேள்வி ஒன்று உண்டு: வளரும் வீரருக்கு இத்தனை விலை ஏன்? திறமை மட்டும் காரணமன்று. உயர்நிலை லீக்கில் ஆறாண்டுப் பணி முடித்தபிறகே ஒரு வீரர் தம் விருப்பப்படி வேறு அணியைத் தேட இயலும். அதில் முதல் மூன்றாண்டுகள் அளவில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே பெரும்பாலோர் ஆடுகின்றனர். ஆகவே அணிகள் பரிமாறிக்கொள்வது இளைஞரின் கைத்திறத்தோடு, அவர் பேரம் பேச இயலாத ஆண்டுகளையும்தான். இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர் கர்ட் ஃபிளட். 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, தாம் வாங்கி விற்கப்படும் உடைமையல்லர் என்று ஆணையருக்கு எழுதி, வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் மூட்டிய கேள்வியின் தொடர்ச்சியாகவே 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பொன்று வீரர்களுக்குக் கதவைத் திறந்தது. பத்தாண்டுப் பணியும் அவற்றுள் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் கழித்தவர் தம் பரிமாற்றத்தை மறுக்கலாம் என்னும் உரிமையும் அப்போராட்ட காலத்தில் விளைந்ததே. கீழ்நிலை லீக்கில் ஆடும் 20 வயது இளைஞருக்கு அவ்வுரிமை இல்லை. அவருக்குத் தொழிற்சங்கமே 2022இல்தான் வாய்த்தது. 2023இன் முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகே, உயர்நிலைக்கு ஒரு படி கீழுள்ள டிரிப்பிள்-ஏ லீக்கில் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது.

மெட்ஸின் அதே கோடைக்கால நிகழ்வொன்று இதைக் கண்முன் நிறுத்துகிறது. 2015 ஜூலை 29 இரவு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்மர் ஃபுளோரெஸ் மில்வாக்கிக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி பரவியது. பார்வையாளர்கள் கைப்பேசியில் படித்துச் சொல்லித்தான் ஃபுளோரெஸ் அதை அறிந்தார். 16 வயதில் வெனிசுவேலாவில் ஒப்பந்தமாகி அந்த அணியிலேயே வளர்ந்தவர், களத்தில் நின்றபடியே கண்ணீர் வடித்தார். பரிமாற்றம் கைகூடவில்லை. செஸ்பெடெஸ் வாங்கப்பட்ட அதே ஜூலை 31 இரவு, 12ஆம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்று தந்தவர் ஃபுளோரெஸ். இரண்டு நாள்களுக்கு முன் அவரைப் பண்டமாகக் கணக்கிட்ட ரசிகர்கள் அன்று அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர்.

இதனால் பரிமாற்றமே கூடாது என்பது பெறப்படாது. வலுவான எறிவாளர்களைக் கொண்ட அணி மட்டைக்காக இளம் வீரரைக் கொடுப்பது பல வேளைகளில் அறிவுடைய செயலே. எறிதோள்களின் குறுகிய ஆயுள் அதை நியாயப்படுத்துகிறது. ஆனால் அம்முடிவை, எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும். கொடுக்கப்படும் இளைஞரின் மலிவு அவர்மீது சுமத்தப்பட்ட விதிகளிலிருந்தும் பிறக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். எந்த ஊருக்கு அனுப்பப்படுகிறோம் என்பதைக் களத்தில் நிற்கும் வீரர், பார்வையாளரின் கைப்பேசிக்கு முன்பாக அறிந்துகொள்ளும் மரியாதையாவது அவருக்கு உரியது. அதைக் கேட்பதால் எந்த அணியும் ஓர் ஆட்டத்தையும் இழந்துவிடாது.