கொடுத்து ஆடும் வித்தை

கோடை வந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் வற்றிப் போகின்றன. குடியானவனுக்கு அது விசாரம், பையன்களுக்கோ பரமானந்தம். கண்மாயின் உள்வாய் முழுவதும் அவர்களுக்கு மைதானம். நாலு செங்கற்களை நட்டுவிட்டால் இரண்டு கோல்!

சாயங்கால வேளையில் சற்றே கரைமேல் நின்று பாருங்கள். பந்து எந்தத் திக்கில் போகிறதோ, அந்தத் திக்கில் இருபது பையன்களும் ஓடுவார்கள். பந்து அகப்பட்டவன் அதைப் பிதுரார்ஜித சொத்தாகவே பாவித்து விடுவான். "எனக்குப் போடுடா!" என்று பக்கத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அவன் காதில் விழாது. முடிவில் அந்தச் சொத்து எதிரியின் காலுக்குப் போய்ச் சேரும்.

பந்தைக் கூட்டாளிக்குக் கொடுப்பதைத்தான் ஆட்டக்காரர்கள் 'பாஸ்' என்கிறார்கள். அது பிறவியிலேயே வரவேண்டிய வரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று, அது பழக்கத்தால் வருவது. இதற்குச் சாட்சி, பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்த ஹைதராபாத் ஜனாப் ஸையத் அப்துல் ரஹீம். 1950 முதல் இந்தியக் கோஷ்டியைப் பழக்கியவர் இவர். பந்தை உருட்டிக் கொண்டே ஓடக்கூடாது என்று விதி செய்து பந்தயங்கள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடவேண்டும் என்றும் பந்தயம் வைத்தார். பலன் என்ன? 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது ஸ்தானம். 1960-ல் ரோம் நகரில் ஆடிய நமது கோஷ்டியில் தமிழ்நாட்டு ஸைமன் சுந்தரராஜும் இருந்தார். அந்த வருஷத்திற்குப் பிறகு ஒலிம்பிக்கில் நமது கால்பந்துக் கோஷ்டி ஆடவேயில்லை என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

வித்தையின் சூட்சுமம் எளிது. ஊன்றும் காலைப் பந்தின் பக்கத்தில் வைத்து, அதன் விரல்கள் கூட்டாளியை நோக்கியிருக்கச் செய்ய வேண்டும். உதைக்கும் காலை வெளிப்புறம் திருப்பி, கணுக்காலை விறைப்பாக வைத்து, பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் நடுவயிற்றில் தட்ட வேண்டும். விரல் நுனியால் உதைத்தால் இம்மி பிசகினாலும் பந்து எங்கேயோ போகும். உட்பக்கம் அகலமாதலால் குறி தவறுவது குறைவு. அடியில் உதைத்தால் பந்து எழும்பும். வெடித்த கண்மாய்த் தரையில் எழும்பி விழும் பந்து எப்பக்கம் துள்ளும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது!

வாங்குவதும் ஒரு வித்தைதான். மரத்திலிருந்து விழும் மாங்காயை ஏந்துகிறவன் கையைச் சற்றே தழைத்து வாங்குகிறான் அல்லவா? அதுபோல் பந்து படும் சமயத்தில் காலைச் சிறிது பின்னுக்கு இழுத்தால் பந்து அடங்கி நிற்கும். பந்து வருமுன்பே நிமிர்ந்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடுகிறவனுக்குக் கொடுக்கும்போது அவன் இருக்கும் இடத்துக்கல்ல, அவன் போய்ச் சேரும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தவனும் நின்றுவிடாமல் வேறோர் இடத்துக்கு ஓட வேண்டும்.

இதற்குப் பெரிய மைதானமும் வேண்டாம், செலவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கட்டம் போட்டு, ஐந்தடி தூரத்தில் நின்று, வலது காலால் ஐம்பது தடவை, இடது காலால் ஐம்பது தடவை தினந்தோறும் தட்டி வாங்கட்டும். குறி தவறாமல் வந்ததும் பத்தடிக்குப் போகட்டும்.

சுண்ணாம்பு அடித்த சுவர் பாழாகிறதே என்று தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபம் நியாயந்தான். ஆனால், பிள்ளையானாலும் பெண்ணானாலும், தனக்குக் கிடைத்ததைத் தக்க சமயத்தில் பிறனுக்குக் கொடுக்கும் பழக்கம் அந்தச் சுவரடியில் படிகிறதென்றால், வருஷத்துக்கு ஒரு தடவை கூடுதலாகச் சுண்ணாம்பு அடிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.