அணி சேர்வதற்கு முன்...



மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. விவாதங்களுக்கு நடுவராகச் சென்றுவருகிறேன். அவர்களின் பேச்சு மகிழ்ச்சி தருகிறது. அணி சேரும் விதம்தான் கவலை தருகிறது. சவூதி அரேபியாவாக அமர்ந்திருக்கும் மாணவர், எண்ணெய் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் மாலத்தீவின் வரைவுத் தீர்மானத்தில் நட்புக்காகக் கையெழுத்திடுகிறார். ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

உண்மையில் நாடுகள் அணி சேர்வது நலன் பார்த்து. 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேர்கூட இல்லாத மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டி புரூம், ஐரோப்பிய ஒன்றியத்தையும் அமெரிக்காவையும் ஓரணியில் சேர்த்தார். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் ஏறியது. கடல் மட்டம் உயர்ந்தால் அவர் நாடே மிஞ்சாது; பிடிவாதம் அங்கிருந்து வந்தது. வளரும் நாடுகளின் ஜி-77 குழுவில் சக உறுப்பினரான சவூதி அரேபியாவோ அந்த இலக்கை எதிர்த்தது. ஒரே குழு, நேரெதிர் நலன்! மாணவர்கள் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: தாங்கள் பேசும் நாடு எதை விற்கிறது, யாரிடம் கடன்பட்டிருக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தந்த பிறகே மாணவர்களை அணி சேர அனுமதியுங்கள். அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

- வாசகர், திருச்சி